மேடை துறந்தவர் – 7: சுருதி சேர்த்தவர்

பியானோ கலைஞர் கிளென் கூல்டின் நாற்காலியும் 1957 மாஸ்கோ கச்சேரியும் முந்தைய வாரங்களிலிருந்து உங்களுக்கு நினைவிருக்கும். திரும்பச் சொல்லவில்லை. 31 வயதில் அவர் ஏன் மேடையை விட்டு இறங்கினார் என்பதை இந்த வாரம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் வெர்ன் எட்குவிஸ்டைச் சொல்லியாக வேண்டும். அவரை ஒரு பத்தியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

எட்குவிஸ்ட், கூல்டின் பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிறந்தவர். பிறவியிலேயே கண்புரை, உருவங்கள் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஒண்டாரியோவில் பிராண்ட்ஃபோர்டு என்ற ஊரிலிருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிழைப்புக்காக அங்கே கற்றுக்கொடுத்த தொழில்களில் ஒன்று இது. பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கையும் காதும் பழகியபின் டொரண்டோவில் ஈட்டன்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு விசேஷமும் அவருக்கு இருந்தது. ஸ்வரங்களைக் கேட்டால் நிறங்கள் தெரியும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு நிறம்.

பியானோவில் சுருதி சேர்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. கட்டைகள் 88தான். ஆனால் தந்திகள் இருநூற்றுக்கு மேல். பெரும்பாலான கட்டைகளுக்கு மும்மூன்று. பக்கத்துத் தந்திகள் இரண்டும் ஒலிக்காதபடி கம்பளிப் பட்டையைச் செருகிவிட்டு, நடுத்தந்தியை முதலில் சரியான சுருதியில் நிறுத்த வேண்டும். பிறகு மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக அதனோடு சேர்க்க வேண்டும். இம்மி விலகினாலும் ஒலிக்குள் ஓர் அலை எழும்பி அதிரும். அந்த அதிர்வு மெதுவாகி மெதுவாகி அடங்குகிற இடம்வரை, தந்தியை முறுக்கும் பிரடையைத் திருக வேண்டும். இதற்குக் கண் தேவையில்லை. காதும் மணிக்கட்டும் போதும்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் இதற்கு அடுத்த கட்டம்தான். நம் தம்பூராவில் சட்ஜமமும் பஞ்சமமும் அப்பழுக்கில்லாமல் சேர்ந்தால்தான் பாடகர் வாயைத் திறப்பார். பியானோவில் ஒவ்வொரு பஞ்சமத்தையும் வேண்டுமென்றே ஒரு மயிரிழை குறைத்து வைக்கிறார்கள். 12 ஸ்வரங்களில் எதை ஆதாரமாக எடுத்தாலும் வாசிக்க முடிய வேண்டுமே, அதற்காக. சுத்தமாகச் சேர்வது எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்ற கணக்கையும் காதிலேயே வைத்திருக்க வேண்டும். எட்குவிஸ்ட் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான்.

கூல்டின் வீட்டில் சிக்கரிங் என்ற பழைய பியானோ ஒன்று இருந்தது. அதற்குச் சுருதி சேர்க்க எட்குவிஸ்டைக் கூப்பிட்டார்கள். தொட்டுப் பார்த்தார். பிரடைகள் தளர்ந்துபோயிருந்தன, சேர்த்தாலும் நிற்காது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, சுருதி சேர்க்க மறுத்துவிட்டார். எதிரில் இருப்பவர் பாஹின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் இசைத்தட்டால் உலகப்புகழ் பெற்ற கலைஞர். அவரிடம் முடியாது என்று சொல்ல, தொழிலில் எவ்வளவு பிடிப்பு இருக்க வேண்டும்! எட்குவிஸ்டைக் கூல்டுக்குப் பிடித்துப்போனது.

கூல்டின் உயிர் இருந்தது வேறொரு பியானோவில்: ஸ்டைன்வே, எண் சிடி 318. ஒன்பது அடி நீளம், அரை டன் எடை. ஈட்டன்ஸில் யாரும் பெரிதாகச் சீண்டாமல் கிடந்ததை 1960இல் கண்டுபிடித்தார். அதன் கட்டைகள் விரல் பட்டவுடன் இறங்க வேண்டும், ஹார்ப்சிகார்டு போலத் துல்லியமாகப் பேச வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கட்டையை அழுத்தினால் தந்தியைத் தட்டுகிற சுத்தியல்களைத் தந்திக்குக் கிட்டே கொண்டுவந்து வைத்தார்கள். விளைவு, நடு ஸ்தாயியில் சில ஸ்வரங்கள் விக்கத் தொடங்கின. ஒருமுறை தட்டினால் சுத்தியல் துள்ளி மறுபடியும் தந்தியைத் தொட்டுவிடும். பாஹின் இன்வென்ஷன்ஸ் பதிவில் அந்த விக்கல் அப்படியே இருக்கிறது. இசைத்தட்டின் உறையில் கூல்டே அதைப் பற்றி எழுதினார். விக்கலைப் போக்குவதற்காக அந்தத் தொடுகையைப் பறிகொடுக்க அவர் தயாராக இல்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

1970 வாக்கில் பதிவு வேலையை நியூயார்க்கிலிருந்து டொரண்டோவுக்கு, ஈட்டன்ஸ் கட்டடத்தின் ஏழாவது மாடி அரங்குக்கு மாற்றிக்கொண்டார். கடை அடைத்தபின் இரவில்தான் பதிவு. எட்குவிஸ்ட் பக்கத்திலேயே இருப்பார். ஒரு தந்தி இறங்கினால் கூல்ட் நிறுத்துவார், இவர் பிரடையைத் திருகும் சாவியோடு வருவார்.

1971இல் கிளீவ்லாந்தில் நடக்கவிருந்த பதிவுக்காகச் சிடி 318ஐ அனுப்பினார்கள். பதிவு நடக்கவில்லை. திரும்பி வரும் வழியில் எங்கேயோ பியானோவைக் கீழே போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 20 டன் இழுவிசையைத் தாங்குகிற வார்ப்பிரும்புச் சட்டமே விரிசல் விட்டிருந்தது. நியூயார்க்குக்கு அனுப்பிப் புதுச் சட்டம் போட்டார்கள். 1973இல் கூல்ட் அதைச் சொந்தமாகவே வாங்கினார். எட்குவிஸ்ட் எவ்வளவோ பாடுபட்டும் பழைய தொடுகை வரவில்லை. 1981இல் கோல்ட்பர்க்கை இரண்டாம் முறை பதிவு செய்தபோது கூல்ட் வாசித்தது ஒரு யமஹாவில். மறுவருடம் அக்டோபர் 4 அன்று காலமானார், வயது 50. சிடி 318 இப்போது ஒட்டாவாவில் தேசியக் கலை மையத்தில் இருக்கிறது.

இசைத்தட்டு உறைகளில் பியானோ கலைஞரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். சுருதி சேர்த்தவரின் பெயரையும் அச்சிட வேண்டும்.

அடுத்த வாரம் 1964 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சலஸ், கடைசிக் கச்சேரி. அதற்குள் இன்வென்ஷன்ஸ் பதிவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். எந்த இடத்தில் விக்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.