மடியில் பிள்ளை, மேடையில் மிருதங்கம்

வேலந்தாவளம் எல்லை ஊர். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. டீக்கடையில் இரண்டு மொழியும் புழங்கும். இங்கிருந்து பஸ்ஸிலேயே போய்வரக்கூடிய தூரத்தில் கல்பாத்தி. ஐப்பசித் தேரையொட்டி ஆண்டுதோறும் அங்கே சங்கீத உற்சவம் நடக்கிறது. டிக்கெட் கிடையாது.

இருந்தும் சின்னப் பிள்ளைகளோடு கச்சேரிக்குக் கிளம்பப் பலருக்குத் தயக்கம். ஆலாபனை நடுவே பிள்ளை தண்ணீர் கேட்டுக் கத்தினால் நாலு தலை திரும்புமே என்பது ஒன்று. ‘நமக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்பது இன்னொன்று.

இரண்டாவது தயக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பொதுத் தெருக்கள் எல்லோருக்கும் பொது என்று சென்னை மாகாண அரசு 1924-ல் ஆணையிட்டது. அதற்குப் பிறகும் கல்பாத்தித் தேரின்போது அக்ரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த ஊரில் இன்று யார் வீட்டுப் பிள்ளையும் மேடைக்கு எதிரே உட்காரலாம். போராடிப் பெற்ற உரிமையை வீட்டிலிருந்தபடி வீணாக்குவானேன்?

முதல் தயக்கத்துக்குத் திருவிழாக் கச்சேரியே மருந்து. பிடித்தால் உட்காரலாம்; சிணுங்கினால் வெளியே கூட்டிப்போய்ப் பொரி வாங்கிக் கொடுத்துத் திரும்பலாம். எழுந்து போக முடிகிற இடத்தில்தான் குழந்தை விரும்பி உட்காரும்.

பாலக்காட்டு மண்ணுக்கு இது புதிதல்ல. செம்பை வைத்தியநாத பாகவதரும் (1896-1974) மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் (1912-1981) சிறுவர்களாகவே மேடையேறியவர்கள். செம்பை பெயரால் குருவாயூரில் ஏகாதசியையொட்டி நடக்கும் உற்சவத்தில் இன்றும் சிறுவர் சிறுமியர் சில நிமிடங்கள் பாடிவிட்டு இறங்குகிறார்கள். தன் வயதுப் பிள்ளை மைக் முன்னால் இருப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

போகுமுன் வீட்டிலேயே ஆதி தாளம் பழக்கலாம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. கைக்கு வேலை கிடைத்துவிட்டால் கால் ஓடாது. ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி, ஓரமாக இடம் பிடியுங்கள். முதல் தடவைக்கு அரைமணி நேரம் தாராளம். பெரிய ராகம் எடுக்கும்போது வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மிருதங்கமும் கடமும் போட்டி போடும் தனி ஆவர்த்தனத்துக்கு வந்துவிடுங்கள். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

ராகத்தின் பெயரைக் கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். கடைசி பஸ்ஸில் தோளில் தூங்கிக்கொண்டே வருகிற பிள்ளையின் விரல்கள் தாளம் போட்டால், அடுத்த ஐப்பசிக்கும் துணை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.