பொய் ஏலமும் போலி லைக்குகளும்: தேர்தல் காலத்தில் நம் கைபேசி

வாக்களிப்பது ஒரு சாட்சியம் என்று ஆலிம்கள் பலர் விளக்கியுள்ளனர். ‘இந்தப் பொறுப்புக்கு இவர் தகுதியானவர்’ என்று நாம் சாட்சி சொல்கிறோம். அப்படியானால், அந்த முடிவை நம் மனதில் விதைத்தது யார் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

ருமேனியாவில் நடந்ததைப் பாருங்கள். 2024 நவம்பர் 24 அன்று அங்கே அதிபர் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. கருத்துக் கணிப்புகளில் பின்தங்கியிருந்த காலின் ஜார்ஜெஸ்கு என்ற சுயேச்சை வேட்பாளர் சுமார் 23 சதவீத வாக்குகளுடன் முதலிடம் பிடித்தார். அவர் காட்டிய பிரச்சாரச் செலவுக் கணக்கோ பூஜ்யம்!

டிசம்பர் 4 அன்று வெளியிடப்பட்ட அந்நாட்டு உளவுத்துறை ஆவணங்கள் வேறு கதை சொல்லின. தேர்தலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் சுமார் 25,000 டிக்டாக் கணக்குகள் திடீரென்று ஒருங்கிணைந்து இயங்கின. ஒரே ஒரு கணக்கிலிருந்து மட்டும், அவரைப் பரப்பியவர்களுக்கு ஒரு மாதத்தில் 3,81,000 டாலர் போயிருந்தது. சமூக ஊடகப் பிரபலங்கள் பலர் எந்தப் பெயரும் சொல்லாமல், ‘நல்ல அதிபர் எப்படி இருக்க வேண்டும்’ என்று காசு வாங்கிக்கொண்டு பேசினார்கள். கீழே கருத்துப் பகுதியில் ஜார்ஜெஸ்குவின் பெயர் குவிந்தது. பெயரில்லாத அந்தப் பிரச்சாரத்துக்குப் பணம் கொடுத்தது வேறொரு கட்சி என்று பின்னர் புலனாய்வுச் செய்திகள் கூறின. யாருடைய காசுக்கு யார் பேசினார்கள் என்பதை வாக்காளர் அறியவே இல்லை.

டிசம்பர் 6 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. வெளிநாடுவாழ் ருமேனியர்கள் இரண்டாம் சுற்றில் வாக்களிக்கத் தொடங்கிவிட்ட நேரம் அது. தம் மீதான குற்றச்சாட்டுகளை ஜார்ஜெஸ்கு மறுத்தார். மறுதேர்தல் 2025 மே மாதம் நடந்தது.

இதில் இரண்டு தந்திரங்கள் இருக்கின்றன. இரண்டுமே மார்க்கம் அறிந்தவை.

முதலாவது, போலி ஆதரவு. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள் லைக் போட்டு ஒருவரைப் பெரியவராகக் காட்டுவதும் இதே வேலைதான். கூட்டம் கூடிய இடத்துக்கே செயலியும் மேலும் மேலும் ஆட்களை அனுப்பி வைக்கிறது.

இரண்டாவது, மறைக்கப்பட்ட கூலி. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தெரிந்தது. ஈரத்தை மேலே தெரியும்படி வைக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். விளம்பரம் செய்து கூலி வாங்குவது தன்னளவில் குற்றமல்ல. கூலியை மறைத்து, சொந்தக் கருத்து போலப் பேசுவதுதான் ஏமாற்று. யூடியூப், இன்ஸ்டாகிராம் நடத்தும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் இப்படி வரும் பணம் ஹலாலா என்று வீட்டிலேயே பேசுங்கள்.

நம் நாட்டில் தேர்தல் துண்டறிக்கையில்கூட அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 127A பிரிவு. ஃபேஸ்புக்கில் முறையாக வரும் அரசியல் விளம்பரத்தில் பணம் கொடுத்தவர் பெயர் இருக்கும். யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதை அதன் விளம்பர நூலகத்தில் எவரும் பார்க்கலாம். ஆனால் ஒரு பிரபலத்தின் கைக்கு நேரடியாகப் போகும் பணம் அங்கே தெரியாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவுக்கும் முகவரி கிடையாது. அங்கே பொறுப்பு நம்முடையதுதான்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரைப் பார்க்காமல் ஒரு செய்தியை ஏற்பதில்லை. அந்தப் பழக்கத்தைக் கைபேசிக்கும் கொண்டு வருவோம். இதை முதலில் சொன்னவர் யார்? இதனால் பலன் அடைபவர் யார்? கணக்கு போன வாரம் தொடங்கியதா? எல்லோரும் ஒரே வாக்கியத்தைப் பேசுகிறார்களா? பதில் தெரியும்வரை பகிர வேண்டாம். நம் சமுதாயத்தை இழிவுபடுத்தும் வீடியோவை மட்டுமல்ல, நமக்குப் பிடித்தமானதையும் இப்படியே சோதிக்க வேண்டும். வந்த செய்தியை விசாரித்து அறியச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனம் இரண்டுக்கும் பொதுவானதே.

நம் சாட்சியத்தைப் பிறர் விலைக்கு வாங்காமல் அல்லாஹ் பாதுகாப்பானாக.