புதுசா, ரெண்டு வருஷப் பழசா?

ஒன்பது, ஒன்பதரை லட்சத்துக்குள் ஒரு கார் என்று முடிவாகிவிட்ட வீட்டில் அடுத்து வரும் வாக்குவாதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். சின்னதாக இருந்தாலும் ஷோரூமிலிருந்து இறங்கும் புது வண்டிதான் வேண்டும் என்பார் அப்பா. அதே காசுக்கு இரண்டு வருடம் ஓடிய, ஒரு படி பெரிய காரை, அதுவும் டாப் வேரியன்ட்டைப் போனில் எடுத்துக் காட்டுவாள் மகள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காகிதத்தையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். அந்தக் கணக்கும் சமீபத்தில் நிறைய மாறிவிட்டது.

முதலில் புதுக் கார். எக்ஸ்-ஷோரூம் விலை 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவிகிதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20. நம் 8 லட்சம் காருக்கு வரி மட்டுமே 1,04,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம், சீட் கவர், மேட் என்று சேர்த்துக்கொண்டே போனால் ஆன்ரோடு விலை ஒன்பதரையைத் தொட்டுவிடும். இதில் வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கொடுத்ததை நாளைக்கு வண்டியை விற்கும்போது யாரும் தனியாகத் திருப்பித் தரப்போவதில்லை. முதல் உரிமையாளர் கட்டிய ஆயுள் வரியின் பலன், அதே மாநிலத்துக்குள் விற்கும்வரை, வண்டியோடு அடுத்தவருக்குப் போய்விடும். ரெண்டு வருஷப் பழைய கார் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் முதல் லாபம் இதுதான். பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்தது தேய்மானம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் காரின் மதிப்பைக் கணக்கிட வழக்கமாக வைத்திருக்கும் பட்டியலில், ஆறு மாதம் ஆனதுமே 15 சதவிகிதம் கழியும். ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30, நான்கு தாண்டினால் பாதி. இந்தப் பட்டியல்படி நம் 8 லட்சம் கார் இரண்டு வருடம் முடிந்ததும் 5.60 லட்சத்துக்கு வந்துவிட வேண்டும். நிஜச் சந்தையில் அப்படி வராது. நன்றாக ஓடும் சின்ன கார்களுக்கும் சின்ன எஸ்.யூ.வி-க்களுக்கும் ஆள் வரிசையில் நிற்கிறார்கள். விற்பவர் அதற்கு மேலேயேதான் கேட்பார். நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள செடான், அதிகம் விற்காத மாடல், புது வடிவம் வந்துவிட்டதால் பழைய முகமாகிப்போன வண்டி, இவைதான் பட்டியலைவிட வேகமாகச் சரியும். ஆகவே என் முடிவு இது: விலை சரியாத காரைப் புதிதாக வாங்குங்கள், விலை சீக்கிரம் சரியும் காரை இரண்டு வருடம் கழித்து வாங்குங்கள். முதல் ஆள் இழந்த பணம் பெரிதாக இருந்தால்தான் இரண்டாம் ஆளுக்குப் பழைய காரில் அர்த்தம் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22-ம் தேதி இந்தக் கணக்கில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி-யும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவிகிதமாக இருந்தது 18 ஆனது. 8 லட்சத்துக்கு விற்ற கார் அதனாலேயே ஏறக்குறைய 68,000 ரூபாய் குறைந்தது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் இன்று விற்க வரும்போது, தான் கொடுத்த பழைய விலையை மனதில் வைத்துத்தான் பேசுவார். 'ஒன்பதரைக்கு எடுத்தேங்க, எட்டுக்குத் தர்றேன்' என்பார். அவர் எடுத்த விலை நமக்குத் தேவையில்லை. அதே வேரியன்ட் இன்று ஆன்ரோடு என்ன விலை என்று பக்கத்து ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு, அதிலிருந்து கீழே இறங்கிப் பேசுங்கள். இன்றைய புது விலைக்கும் அவர் கேட்பதற்கும் நடுவில் ஒரு லட்சம்கூட வித்தியாசம் இல்லையென்றால், யோசிக்காமல் புதுசுக்குப் போய்விடலாம்.

கடன் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புதுக் காருக்கு வங்கிகள் கேட்கும் வட்டி வேறு, பழைய காருக்குக் கேட்கும் வட்டி வேறு. மூன்று, நான்கு சதவிகிதம் கூடுதலாக இருப்பது சாதாரணம். உதாரணத்துக்குப் புதுக் காருக்கு 8 லட்சம், 9 சதவிகிதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். மொத்த வட்டி 1.96 லட்சம். பழைய காருக்கு 6 லட்சம், 13 சதவிகிதம், அதே ஐந்து வருடம் என்றால் தவணை சுமார் 13,650. மொத்த வட்டி 2.19 லட்சம். இரண்டு லட்சம் குறைவாகக் கடன் வாங்கியும் வட்டி அதிகமாகப் போகிறது. தவணை குறைவாகத் தெரிவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. கையில் பணம் வைத்துக்கொண்டு வாங்குகிறவருக்குத்தான் பழைய கார் முழு லாபம். முக்கால்வாசிக் கடன் என்றால் சின்னதாகப் புதுக் கார் வாங்குவதே நல்லது.

பாதுகாப்பில் இரண்டு வருட வித்தியாசம்கூடப் பெரிய வித்தியாசம். ஹூண்டாய் தன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக்கைக் கொடுக்கத் தொடங்கியது 2023 அக்டோபரில்தான். ஒரே பெயர், ஒரே நிறம். ஆனால் அதற்கு முந்தைய பேஸ் வேரியன்ட்டில் ஏர்பேக் குறைவாக இருக்கலாம். பெட்ரோல் கார் என்றால், இப்போது பங்கில் போடுவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு ஏற்ற பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்து. அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் அந்த மாதத்துக்குப் பிறகு தயாரான வண்டியையே பார்க்கச் சொல்கிறேன்.

இத்தனை கணக்கையும் ஒரே அடியில் குப்பையில் போட்டுவிடக்கூடியது ஒன்று உண்டு. வண்டி எங்கே, எப்படி இருந்தது என்பது. சென்னையில் தம்பிக்காக ஒரு வெள்ளைக் காரைப் பார்க்கப் போயிருந்தோம். ஃபர்ஸ்ட் ஓனர், மீட்டரில் 18,000 கிலோமீட்டர், உள்ளே வாசனையாக இருந்தது. கூட வந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தார். நாம் மாட்டும்போது வருகிற நீளத்தோடு நிறுத்தாமல், உருளையிலிருந்து கடைசி வரைக்கும் இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு கோடு குறுக்கே ஓடியது. விரலால் தடவிக் காட்டினார்; மாவு மாதிரி வண்டல்.

"சார், இது தண்ணில நின்ன வண்டி."

"வாட்டர் வாஷ் பண்ணும்போது பட்டிருக்கும்ணா" என்றார் புரோக்கர்.

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. சீட்டை முன்னால் தள்ளி, அடியில் இருக்கும் தண்டவாளத்தைக் காட்டினார். போல்ட் தலைகளில் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் பள்ளத்தின் மூலையிலும் அதே வண்டல். பெயின்ட், பாலிஷ், சென்ட் எல்லாம் கண்ணில் படுகிற இடத்துக்கு மட்டும்தான் போயிருந்தன.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதைக் கண்ணால் பார்த்தோம். அதே 2023 டிசம்பரில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இதே கதைதான். அந்த வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, ஊர் மாற்றி விற்கப்பட்டவை இருக்கின்றன. தண்ணீர் புகுந்த வண்டியில் ஒயரிங் இணைப்புகளும் எலெக்ட்ரானிக் பெட்டிகளும் உடனே சாகாது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகப் பச்சை பூக்கும். ஒரு நாள் பவர் விண்டோ வேலை செய்யாது, இன்னொரு நாள் ஏர்பேக் விளக்கு எரியும். வாங்கியவர் பாவம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செலவு செய்துகொண்டிருப்பார்.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதை டயரே காட்டிக்கொடுக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2323 என்றால் 2023-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 2023-ல் வாங்கிய, 18,000 கிலோமீட்டர் மட்டும் ஓடியதாகச் சொல்லும் காரில் நான்கு டயரும் 2025-ல் தயாரானவையாக இருந்தால், முதல் டயர்கள் எங்கே போயின என்று கேளுங்கள். கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்புக் குறி உண்டு. ஒன்று மட்டும் வேறு கம்பெனி, வேறு வருடம் என்றால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். பானெட் கீல்களின் போல்ட்டில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் பானெட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரியை எடுத்துத் தரச் சொல்லி விற்பவரைக் கேளுங்கள். தயங்கினால் அந்த வண்டி வேண்டாம். வாரன்டி மீதி இருக்கிறது என்று சொன்னாலும் சர்வீஸ் விட்டுப்போயிருந்தால் அது பிரயோஜனப்படாது.

பி.ஒய். நம்பர், கே.ஏ. நம்பர் வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும். அந்த ஊர் ஆர்.டி.ஓ-விடம் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி பதிவு செய்து, தமிழ்நாட்டு வரியையும் கட்டிய பிறகு அந்தக் குறைவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அலைச்சல்தான் மிஞ்சும்.

இப்போது அந்த அப்பா, மகள் வாக்குவாதத்துக்கு வருகிறேன். பத்து, பன்னிரண்டு வருடம் இதே வண்டிதான், தவணையில்தான் வாங்கப்போகிறோம், சின்ன கார் போதும் என்றால் அப்பா சொல்வதுதான் சரி. முதல் வருட நஷ்டம் பத்து வருடத்தில் கரைந்துபோகும். நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம், கையில் பணம் இருக்கிறது, அல்லது வீட்டில் இனிமேல்தான் ஓட்டக் கற்றுக்கொள்ளப்போகிறார்கள் என்றால் மகள் பக்கம். பத்து லட்சத்தைத் தாண்டும் கார் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, பழசுதான். 9.90 லட்சத்துக்கு வரி 1,28,700, 10.10 லட்சத்துக்கு 1,81,800. இருபதாயிரம் விலை வித்தியாசத்துக்கு வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடுகிறது. அதை முதல் ஆள் கட்டிவிட்டுப் போகட்டும்.

பழசு என்று முடிவானால், முடிந்தவரை தெரிந்த கையிலிருந்து வாங்குங்கள். அலுவலக நண்பர், அடுத்த தெருக்காரர், வெளிநாட்டுக்குக் குடிபெயரும் உறவினர். ஷோரூம்கள் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருந்து விற்கும் டெமோ கார்களும் உண்டு. பலர் கை பட்ட வண்டி என்றாலும் சர்வீஸ் ஒழுங்காக நடந்திருக்கும், விலையையும் கறாராகக் குறைத்துக் கேட்கலாம்.

பணத்தைக் கொடுத்த அன்றே 29, 30 எண் படிவங்களில் இரண்டு பேரும் கையெழுத்திட்டு, பெயர் மாற்றத்துக்குப் போட்டுவிடுங்கள். ஆர்.சி-யில் வங்கியின் பெயர் இருந்தால் 35-ம் படிவமும் வங்கியின் கடிதமும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி பல கை மாறியிருந்தாலும் சரி. வாங்கியவர் 14 நாளைக்குள் இன்ஷூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அந்தத் தொகையையும் விலை பேசும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு கழித்துக்கொள்ளுங்கள்.