விளக்குகளுக்குத் தனித்தனி ஆளி அமைத்தல்

விளக்குகளுக்குத் தனித்தனி ஆளி அமைத்தல் என்பது, ஒரே ஆளியால் (சுவிட்சு) ஒருங்கே எரிந்து அணையும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீட்டு விளக்குகளை, ஒவ்வொன்றும் தன் ஆளிக்கு மட்டும் கட்டுப்படும் வகையில் மின்னிணைப்பை மாற்றியமைப்பதாகும். மாடிப்படிகளில் ஒரே விளக்கை மேலும் கீழும் இரண்டு இடங்களிலிருந்து இயக்கப் பயன்படும் இருவழி ஆளி இணைப்பு இதனின்றும் வேறானது.

இம்மாற்றம் மின் சிக்கனத்துக்கு உதவும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் 20 வாட் எல்.ஈ.டி. குழல்விளக்கு ஒன்று நாளொன்றுக்கு 5 மணி நேரம் வீணாக எரிந்தாலும் 30 நாட்களில் செலவாவது 3 யூனிட் மட்டுமே. ஒருவர் உறங்க, மற்றவர் படிக்க வேண்டிய அறைகளில் கிடைக்கும் வசதியே இதன் முதன்மைப் பயன் எனலாம்.

== அடிப்படை ==

இந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளுக்கு 230 வோல்ட், 50 ஏர்ட்சு மாறுதிசை மின்னோட்டம் வழங்கப்படுகிறது. விளக்குச் சுற்றில் உயிர்க்கம்பி, நடுநிலைக் கம்பி, நிலக்கம்பி என மூன்று கம்பிகள் உண்டு. இவை பணியாளர் வழக்கில் முறையே பேஸ், நியூட்ரல், எர்த்து எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் நடுநிலைக் கம்பி நொதுமற் கம்பி எனப்படுகிறது.

ஆளி எப்போதும் உயிர்க்கம்பியின் வழியிலேயே அமைய வேண்டும். ஆளியிலிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பியை இக்கட்டுரை ஆளிக்கம்பி எனக் குறிக்கிறது. இரண்டு விளக்குகள் ஒரே ஆளிக்குக் கட்டுப்படும்போது, ஆளிக்கம்பி முதல் விளக்கைத் தொட்டு அங்கிருந்து இரண்டாவது விளக்குக்குத் தொடர்கிறது. நடுநிலைக் கம்பியும் அவ்வாறே தொடர்கிறது. விளக்குகள் பக்க இணைப்பில் இருப்பதால் இரண்டும் முழு மின்னழுத்தத்தைப் பெறுகின்றன.

இவற்றைப் பிரிக்கும்போது பிரிய வேண்டியது ஆளிக்கம்பி ஒன்றே. ஆளிகளுக்கு வரும் உயிர்க்கம்பி பொதுவாக இருக்கலாம். விளக்குகளிலிருந்து திரும்பும் நடுநிலைக் கம்பியும் பொதுவாக இருக்கலாம். எனவே ஓர் ஆளிக்கு இரண்டு கம்பிகள் போதுமானால், இரண்டு ஆளிகளுக்கு மூன்று கம்பிகளும், மூன்று ஆளிகளுக்கு நான்கு கம்பிகளும் தேவைப்படும். வேலை எளிதா கடினமா என்பதை முடிவு செய்வது கூடுதலான அந்த ஒரு கம்பிக்கு வழி உண்டா என்பதே.

== செய்முறை ==

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் சுவரினுள் பதித்த பி.வி.சி. குழாய்களில் ஒற்றைக் கம்பிகள் செல்கின்றன. குழாயில் இடமிருந்தால் எஃகு இழுகம்பியை உட்செலுத்தி, அதன் முனையில் புதிய கம்பியைக் கட்டி இழுத்துவிடலாம். பிரித்தானிய வீடுகளில் கூரை விளக்கிலிருந்து ஆளிக்கு இறங்கும் தட்டை வடத்தில் இரு கம்பிகளும் நிலக்கம்பியும் மட்டுமே இருப்பதால், அதை நீக்கி மூன்று கம்பி வடம் இடவேண்டியுள்ளது. சுவர்ப் பூச்சை உடைக்க நேர்வதும் உண்டு.

புதிய கம்பி முதல் விளக்குவரை வந்தால் பெரும்பாலும் போதுமானது. முதல் விளக்கையும் இரண்டாவது விளக்கையும் இணைத்த பழைய ஆளிக்கம்பியை முதல் விளக்கிலிருந்து கழற்றிப் புதிய கம்பியோடு சேர்த்துவிட்டால், அதுவே இரண்டாவது விளக்கின் ஆளிக்கம்பியாகிறது. நடுநிலை இணைப்பைத் தொடவேண்டியதில்லை. ஆளிப்பலகையில் முதல் ஆளியின் உயிர்முனையிலிருந்து இரண்டாவது ஆளிக்கு ஒரு சிறு துண்டுக் கம்பி இணைக்கப்படும்.

பணி தொடங்குமுன் முதன்மை ஆளியை அணைத்தல் இன்றியமையாதது. விளக்கின் ஆளியை மட்டும் அணைத்தால் போதாது. ஆளிப்பெட்டியினுள் உயிர்க்கம்பி அப்போதும் உயிருடனேயே இருக்கும். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதைக் கொண்டு மட்டும் மின்சாரம் இல்லை என முடிவு செய்தலும் தவறு. மின்சாரம் உள்ள முனையில் முன்னும் பின்னும் வைத்துப் பார்த்து டெஸ்டர் சரியாக இயங்குவதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

== பிழைகளும் இடர்களும் ==

கூடுதல் கம்பி இழுக்க இயலாதபோது நிலக்கம்பியையே ஆளிக்கம்பியாக்கிவிடும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. விளக்கு எரியும் என்பதால் இப்பிழை வெளியில் தெரிவதில்லை. ஆனால் விளக்கின் உலோக உடல் காப்பை இழக்கிறது. பின்னாளில் பச்சை நிறத்தைக் கண்டு அக்கம்பியைத் தொடுபவர் மின்னதிர்ச்சிக்கு உள்ளாவார். இம்முறை எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

நடுநிலைக் கம்பியில் ஆளியை அமைத்தாலும் விளக்கு எரியவும் அணையவும் செய்யும். எனினும் அணைந்த விளக்கின் தாங்கியில் 230 வோல்ட் நின்றிருக்கும்.

இரண்டாவது ஆளிக்கு உயிர்க்கம்பியை அருகிலுள்ள வேறொரு சுற்றிலிருந்து எடுத்து, நடுநிலையைப் பழைய சுற்றிலேயே விடுவது மற்றொரு பிழை. இரு சுற்றுகளுக்கும் தனித்தனி மின்கசிவுத் தடுப்பி இருப்பின் விளக்கைப் போட்டவுடன் அது துண்டித்துவிடும். தடுப்பி இல்லாத வீட்டில் பிழை மறைந்தே கிடக்கும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் அந்த இரு சுற்றுகளும் வெவ்வேறு முனைகளைச் சேர்ந்தவையாயின், ஒரே பெட்டியில் அருகருகே உள்ள இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் நிலவும்.

நிறத்தை மட்டும் நம்புவதும் இடர் தரும். இந்திய மரபில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியன உயிர்க்கம்பிகள், கறுப்பு நடுநிலை, பச்சை நிலக்கம்பி. பிரித்தானியாவில் 2004 முதல் நடைமுறைக்கு வந்த நிறங்களில் நீலம் நடுநிலையைக் குறிக்கிறது. ஒரு நாட்டில் உயிர்க்கம்பியான நிறம் மற்றொரு நாட்டில் நடுநிலையாதல் கவனிக்கத்தக்கது.

புதிய கம்பி பழைய உயிர்க்கம்பியுடன் நெடுந்தூரம் இணையாகச் செல்லுமானால், அணைத்த பின்னரும் எல்.ஈ.டி. விளக்கு மங்கலாக ஒளிர்தலோ விட்டுவிட்டு மின்னுதலோ உண்டு. கம்பிகளுக்கிடையிலான மின்தேக்கு விளைவே இதற்குக் காரணம். இழை விளக்குகளில் இது புலப்படுவதில்லை. ஆளி நடுநிலையில் இருந்தாலும் இதே தோற்றம் ஏற்படுமாதலால், முதலில் அதைச் சோதித்தல் நன்று.

== சட்ட நிலை ==

இந்தியாவில் விளக்கு, விசிறி, உருகி, ஆளி போன்றவற்றை, நிறுவலின் திறனும் தன்மையும் மாறாதவாறு மாற்றிப் பொருத்த விலக்கு உண்டு. மின்னிணைப்பில் சேர்க்கையோ மாற்றமோ செய்ய உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் தேவை. 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் இருந்த இவ்வேற்பாடு, பின்னர் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளிலும் தொடர்ந்தது. பழுதான ஆளியை மாற்றுவது விலக்கினுள் அடங்கும். புதிய ஆளிக்கம்பி இழுத்து விளக்குகளைப் பிரிப்பது அடங்காது.