தண்ணி வந்துச்சா, வுட்டாங்களா? – ஒரு சச்சரவின் இலக்கணம்

காலநிலை மாற்றம் பற்றிய சச்சரவு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் வருவது அமெரிக்கச் சச்சரவுதான். பூமி சூடாகிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். அதெல்லாம் இல்லை என்கிறார்கள் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களும் அவர்களுக்கு வேண்டிய அரசியல்வாதிகளும். அங்கே மறுப்பது அதிகாரத்தின் வேலை, நிரூபிப்பது எதிர்ப்பாளர்களின் வேலை. இந்தச் சட்டகத்தை அப்படியே தூக்கிவந்து அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ வைத்தால் அது நிற்காது. காலநிலை மாற்றத்தை மறுக்கிற ஆளுங்கட்சி எதையும் இங்கே நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வானத்தை முதலில் சுட்டிக்காட்டுகிறவர்கள் கோட்டையில் இருப்பவர்களே. மதகைக் காட்டுகிறவர்கள்தான் எதிர்ப்பாளர்கள். சச்சரவு தலைகீழாக நடக்கிறது.

2015 டிசம்பர் 1-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. நவம்பர் முழுக்கப் பெய்து ஊறிப்போயிருந்த மண். பூந்தமல்லியை ஒட்டிக் கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அந்த இரவு கரையோரத்தில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதன்பின் இரண்டு கதையாடல்கள் எழுந்தன. ஒன்று அரசினுடையது: நூறு ஆண்டுகளில் இல்லாத மழை, எந்த நகரமும் தாங்கியிருக்காது. மற்றது எதிர்க்கட்சிகளும் செயற்பாட்டாளர்களும் சொன்னது: முன்கூட்டியே படிப்படியாகத் திறந்திருக்க வேண்டிய ஏரியைக் கடைசி நேரத்தில் திறந்தார்கள், இது செயற்கை வெள்ளம். நீதி விசாரணை கேட்டது தி.மு.க. தலைமைச் செயலாளர் நீண்ட விளக்கம் கொடுத்தார். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே சொன்னது.

இந்தச் சச்சரவு முழுவதும் தமிழ் வினைச்சொற்களுக்குள் நடந்தது என்பதே என் வாசிப்பு. 'மழை பெய்தது, ஏரி நிரம்பியது, ஆறு பெருகியது, ஊர் மூழ்கியது' – அரசின் அறிக்கையில் எல்லாம் தன்வினை. செய்தவர் என்று யாரும் இல்லை. பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கம் டீக்கடையில் கேட்டால் 'தண்ணிய வுட்டுட்டாங்க சார்' என்பார்கள். அது பிறவினை. 'வந்துடுச்சு' என்பதற்கும் 'வுட்டுட்டாங்க' என்பதற்கும் இடையில் ஒரு நீதி விசாரணையே ஒளிந்திருக்கிறது. எழுவாயைத் தொலைப்பதும் கண்டுபிடிப்பதும்தான் இங்கே அரசியல்.

'நூறு ஆண்டு மழை' என்ற சொற்றொடரையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நீரியலில் அதற்கு நூறு வருஷத்துக்கு ஒருமுறை முறை வைத்து வருகிற மழை என்று பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அம்பத்தூரில் வீட்டுக் கடன் வாங்கி 20 வருஷம் தவணை கட்டுகிறவருக்கு, கடன் முடிவதற்குள் அது ஒரு தடவையாவது வர ஏறத்தாழ 18 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. இன்ஜினியருக்கு அது திட்டமிட வேண்டிய எண். மேடையில் அதுவே 'நூறு வருஷத்துல இல்லாத...' என்று ஒப்பாரி வாய்பாடாகிறது. கணக்கைச் சொல்லும் தோரணையில் விதியைச் சொல்லிவிட முடிகிறது. திட்டமிடுவதற்கான சொல், திட்டமிடாததற்குச் சாக்காக மாறிய கதை இது.

மதகுக் கதையாடலிலும் ஓட்டைகள் உண்டு. அடையாற்றுக்குச் செம்பரம்பாக்கம் மட்டும் தண்ணீர் தருவதில்லை. வழியில் உள்ள பல ஏரிகளின் உபரியும் அதில்தான் விழுகிறது. தவிர, செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி. நவம்பரில் திறந்துவிட்டு டிசம்பரில் மழை பொய்த்தால், 'தண்ணீரை வீணடித்தார்கள்' என்று அதே மக்கள், அதே பத்திரிகைகள் ஏசும். கோடைக்காக நிரப்பி வைப்பதும் வெள்ளத்துக்காகக் காலி வைப்பதும் ஒரே ஏரியில் முட்டிக்கொள்கின்றன. இந்த முரண் ஒரு அதிகாரியின் கவனக்குறைவு மட்டும் அல்ல.

அந்த மழை பெய்தபோது பாரிஸில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. சென்னையின் படங்கள் அங்கே உடனே சான்றாயின. ஆனால் குறிப்பிட்ட இந்த மழைக்குப் புவி சூடாதல் காரணமா? இதற்கு ஒரு முறையியல் இருக்கிறது. மனிதர் வெளியிட்ட வாயுக்கள் உள்ள உலகத்தையும் அவை இல்லாத கற்பனை உலகத்தையும் கணினி மாதிரிகளில் ஓடவிட்டு, இத்தகைய மழை வரும் வாய்ப்பு எதில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். பழைய மழைப் பதிவுகளையும் கூடவே வைத்துப் பார்ப்பார்கள். கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க் தலைமையில், டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளரும் பங்கேற்ற குழு 2016-ல் இதைச் செய்து வெளியிட்டது. சென்னை மழையில் மனிதச் சூடேற்றத்தின் தடத்தைக் காண முடியவில்லை என்பது அவர்கள் முடிவு.

உடனே கைதட்ட வேண்டாம். மேற்கு வங்கக்கடலின் மேற்பரப்பு வெப்பம் முந்தைய 35 ஆண்டுகளில் கூடும் போக்கைக் காட்டவில்லை என்றும், காற்றிலுள்ள மாசுத் துகள்கள் வெயிலைத் தடுத்துப் பசுங்குடில் வாயுக்களின் சூட்டை ஈடுகட்டியிருக்கலாம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நம் புகை நம் சூட்டை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று இதைப் படிக்கலாம். காற்றைச் சுத்தம் செய்தால் மூடி விலகும். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது பழைய பௌதிகம். அதில் சச்சரவு ஏதுமில்லை. ஒரு மழையில் தடம் தெரியவில்லை என்பதும், இனிவரும் மழைகள் பெருக்கும் என்பதும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியும்.

அறிவியலும் ஒரு கதையாடலே என்று படித்துப் பழகிய சிறுபத்திரிகை வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு சபலம் வரும்: பாருங்கள், அவர்களுக்கே நிச்சயமில்லை! தாங்கள் தீட்டிய விமர்சனக் கருவிகள் காலநிலை மறுப்பாளர்கள் கைக்குப் போய்விட்டனவே என்று ப்ரூனோ லதூர் 2004-ல் கலங்கி எழுதினார். இங்கே அந்தக் கலக்கம் வேறு திசையில் தேவைப்படுகிறது. நம்மூரில் சந்தேகத்தைவிட நிச்சயமே அதிகாரத்துக்கு வசதியாக இருக்கிறது. 'காலநிலை மாறிவிட்டது' என்று தலையாட்டிவிட்டால் மதகின் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

வானமும் இன்று தன்வினையில் இல்லை. சூடாகிறது என்பதைவிட சூடாக்குகிறார்கள் என்பதே சரி. அப்படியானால் எழுவாய் யார்? 'மனித இனம்' என்று 2009-ல் விடை சொல்லிப் பார்த்தார் தீபேஷ் சக்ரவர்த்தி. எனக்கு அந்த விடை ரொம்பவும் அகலமாகப் படுகிறது. 1991-லேயே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அமெரிக்கக் காரின் புகையையும் நம் நெல்வயலின் மீத்தேனையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியை டெல்லி வாஷிங்டனை நோக்கிக் கேட்டது. அதையே கொரட்டூர் கோட்டையை நோக்கித் திருப்பினால் என்ன ஆகும் என்பதைத்தான் நம் அரசுகள் விரும்புவதில்லை.

இந்தப் புறநகரின் நிலம் 'முன்னேற்றம்' என்ற சொல்லால் எழுதப்பட்ட பிரதி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் போட்டது ஆவடியில். 1961-ல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. (ஆங்கிலத்தில் ஏரிக்கும் டாங்க், பீரங்கி வண்டிக்கும் டாங்க், ஆவடியில் இரண்டும் உண்டு, பட்ஜெட் எதற்கு என்பது வேறு விஷயம்.) 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட். அன்று அது வேலை, சோறு, சைக்கிள் வாங்கும் சம்பளம்; அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்லவைத்த சங்கிலியின் மேல்தான் இதெல்லாம் எழும்பியது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர், அது நிரம்பினால் ரெட்டேரி; ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்து. வீட்டுவசதி வாரியம் முகப்பேரில் குடியிருப்பு போட்டு அதற்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயரும் வைத்தது. ஏரியை அழித்த இடத்தில் ஏரி பெயராக நிற்கிறது. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் இந்தத் திட்டத்தின் மேல் பாயாது. அது பாய்கிற இடம் ஆற்றோரக் குடிசை. வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டுப் பெரும்பாக்கம் போனவர்கள் அவர்கள்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து சிறு பட்டறைகளின் மெஷின்களை முழுகடித்தது. இந்த முறை வசனங்கள் அப்படியே இருக்க, பாத்திரங்கள் மட்டும் மாறின. 47 ஆண்டுகளில் இல்லாத மழை என்றது தி.மு.க. அரசு. 4,000 கோடி வடிகால் எங்கே போனது, வெள்ளை அறிக்கை வை என்றது அ.தி.மு.க. 2015-ன் எழுவாய்கள் 2023-ல் பயனிலைக்குப் பின்னால் போய் ஒளிந்தார்கள். இதற்கு முந்தைய ஆண்டுதான், 2022-ல், தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டிருந்தது. அதை வெறும் நாடகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலநிலைக்கென்று ஓர் இயக்கமும் மதகுக்கென்று ஒரு துறையும் வடிகாலுக்கென்று ஒரு மாநகராட்சியும் தனித்தனியாக இருக்கும்வரை, ஒவ்வொன்றும் மற்றதைக் கைகாட்டிவிட்டுப் போகலாம்.

சூழல் முன்னேற்றம் என்று நமக்குக் காட்டப்படுவதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் ஏறத்தாழ 28 கோடி ரூபாய் செலவில் பசுமைப் பூங்கா 2019-ல் திறக்கப்பட்டது. நடைபாதை, மரங்கள், படகு. சாயங்காலம் கூட்டம் நன்றாகவே இருக்கிறது; நானும் நடந்திருக்கிறேன். சாக்கடையாகக் கிடந்த ஏரிக்கு மறுபிறப்புதான் இது. கொரட்டூர் ஏரியின் கதைக்கு அத்தனை புகைப்பட அழகு கிடையாது. அங்கே குடியிருப்போர் இயக்கமாகச் சேர்ந்து, மழைநீர்க் கால்வாய் வழியே கழிவுநீர் ஏரிக்குள் வருவதை நிறுத்தச் சொல்லி ஆண்டுக்கணக்காகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காடினார்கள். எங்கிருந்து வருகிறது, எந்தக் குழாய், யார் விடுகிறார்கள் என்று அவர்கள் கேட்டது முழுக்கப் பிறவினையில். பூங்காவுக்கு ரிப்பன் வெட்ட ஆள் கிடைக்கும். குழாயை அடைக்க நோட்டீஸ், ஆய்வு, அவகாசம், மறுபடி அவகாசம்.

பருத்திப்பட்டில் பூங்கா திறந்த அதே 2019-ல் செம்பரம்பாக்கம் உட்பட நகரத்தின் குடிநீர் ஏரிகள் வற்றின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் நிலையங்களை வரிசையாகத் தாண்டித்தான் அது வந்தது.