உங்களுக்குத் தெரியுமா? மூன்றும் இரண்டும் ஐந்தாகாத ஜெர்மன் தீர்ப்பு

'தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்ற வரி நம்மூர்ச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். ஜெர்மனியில் ஒரே வழக்கில் பல குற்றங்கள் நிரூபணமானால் கதையே வேறு.

அங்கே நீதிபதி ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித்தனியே தண்டனை குறிப்பார். அவற்றுள் கடுமையானதை எடுத்து, குற்றவாளியையும் குற்றங்களையும் ஒருசேர எடைபோட்டு, அதை உயர்த்துவார். திருட்டுக்கு 3 ஆண்டு, மோசடிக்கு 2 ஆண்டு என்றால் இறுதித் தண்டனை 3-க்கு மேல் இருக்கும், 5-ஐ எட்டாது. உச்சவரம்பு 15 ஆண்டு. இது தண்டனைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. வெறும் கூட்டலைவிட மனிதரைப் பார்க்கும் இந்த முறை மேலானது.

ஒரு குற்றத்துக்கு ஆயுள் என்றால் மொத்தமும் ஒரே ஆயுள்தான்.

மருத்துவமனை நோயாளிகளுக்கு ஊசிமூலம் மருந்து செலுத்திக் கொன்ற செவிலியர் நீல்ஸ் ஹோகலுக்கு, 2019 ஜூன் 6 அன்று ஓல்டன்பர்க் நீதிமன்றம் 85 கொலைகளுக்காக விதித்தது ஓர் ஆயுள் தண்டனை. அமெரிக்காவிலானால் ஆயுள்மேல் ஆயுளாக அடுக்கியிருப்பார்கள். ஆனால், 'குற்றம் தனிக் கொடுமை வாய்ந்தது' என்றும் நீதிமன்றம் பதிவு செய்தது. ஆயுள் கைதிகள் 15 ஆண்டு முடிந்ததும் நிபந்தனை விடுதலை பெறும் வழி, இதனால் அவருக்கு அநேகமாக அடைபட்டது.