பல் நகரும் விதமும் பசை பிடிக்கும் விதமும்

"பல் போனால் சொல் போச்சு" என்று பெரியோர் சொல்வர். பல் போகாமலே சொல் போன ஒரு தோழியை நாங்கள் எங்கள் வகுப்பிலேயே கண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் இராஜபாளையத்துக்கு வந்து எங்களுடன் படிப்பவள் அவள். செய்யுளை உரக்க ஒப்பிப்பதில் எப்போதும் முதல். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்தில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டாள். அன்று முதல் கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். அதற்குக் கம்பிதான் காரணம் என்று நாங்கள் சொன்னால் அது பாதி உண்மை. "கம்பி வேலி" என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் நாங்களே. அவள் இக்கட்டுரையைப் படித்துப் பார்த்து, "என் பெயரை மட்டும் போடாதீர்கள்" என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுக்கிறோம்.

பள்ளியில் நடந்த பல் மருத்துவ முகாமுக்கு ஒரு டாக்டர் அம்மா வந்திருந்தார். பற்களை வரிசைப்படுத்தும் துறையில் தனிப் பயிற்சி பெற்றவர் அவர். "எலும்புக்குள் ஊன்றி நிற்கும் பல்லை இவ்வளவு மெல்லிய கம்பி எப்படி டாக்டர் நகர்த்தும்?" என்று கேட்டோம். "பல் எலும்பில் எப்படி நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சுவரில் அடித்த ஆணி போல என்றோம். அவர் சிரித்துவிட்டார். எங்கள் அறிவியல் சிஸ்டரும் சிரித்ததில்தான் எங்களுக்கு வெட்கம்.

பல்லின் வேர் எலும்பைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவில் நார் இழைகளால் ஆன ஒரு மெத்தை இருக்கிறது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதற்குள் ஓடுகின்றன. முறுக்கைக் கடிக்கும்போது விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இந்த மெத்தைதான். கம்பி ஒரு பல்லை மெல்லத் தள்ளினால், பல் போகும் பக்கத்தில் மெத்தை நசுங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன. நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. முன்னால் ஒருவர் இடிக்கிறார், பின்னால் ஒருவர் கட்டிக்கொண்டே வருகிறார். ஆக, கம்பி செய்வது சைகை காட்டுவது மட்டுமே. வேலை முழுவதையும் நம் உடம்பே செய்கிறது.

இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்திக்கு ஆடிப்பூரத் தேர் நினைவுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் தேர் அசைவதைக் கண்டவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய பாரம் எவ்வளவு நிதானமாகப் போகிறது என்று. வடத்தை இழுப்பவர் ஒரு பக்கம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் ஒரு பக்கம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தேர் போனாலும் தெரு அப்படியே இருக்கும். பல்லோ தன் தெருவையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது!

இவ்விஷயத்தை நுண்ணோக்கியில் வைத்து முதலில் காட்டியவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட். ஒரு நாயின் முன்பற்களில் கம்பியைப் பொருத்தி, சுமார் 3 வாரம் நகர்த்தி, வேரைச் சுற்றியுள்ள எலும்பைச் சோதித்துப் பார்த்தார். அவருடைய முடிவுகள் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. (நாய்க்குப் பெயர் போன ஊர்க்காரர்களாகிய எங்களுக்கு அந்த நாயை எண்ணிக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.) அவர் கண்ட இன்னொரு செய்திதான் மிக முக்கியமானது. விசை அதிகமானால் மெத்தையிலுள்ள இரத்தக் குழாய்கள் அடைபட்டு, அங்குள்ள செல்கள் இறந்துபோகின்றன. நுண்ணோக்கியில் அவ்விடம் கண்ணாடி போலத் தெரிகிறது. எலும்பைக் கரைக்க வேண்டிய செல்களே அங்கு இல்லாததால் பல் சில வாரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்பு தூரத்திலிருந்து செல்கள் வந்து, எலும்பை உட்புறமாகக் குடைந்து வழி செய்ய வேண்டியிருக்கிறது. இதனால் வலியும் கூடும். வேரின் நுனி கரைந்து குட்டையாகும் அபாயமும் உண்டு. வேகமாகப் போக வேண்டும் என்று முறுக்கினால் தாமதமே மிஞ்சும். 1932இல் ஷ்வார்ஸ் என்பவர், நுண்ணிய இரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தத்தை விசை மிஞ்சக் கூடாது என்று ஓர் எல்லையைச் சொன்னார். ஒரு பல்லைச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம் விசை போதுமாம். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை! அந்த விசையில் பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகர்கிறது. "டாக்டர், கொஞ்சம் இறுக்கிக் கட்டிச் சீக்கிரம் முடித்துவிடுங்கள்" என்று கேட்கும் பெற்றோர் பலராம். இனி கேட்கமாட்டீர்கள் அல்லவா?

விசைக்கு எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியும் வாய்க்குள் வேலை செய்கிறது. முன்பல்லைப் பின்னுக்கு இழுத்தால் கடைவாய்ப்பல் முன்னுக்கு வரப் பார்க்கும். கடைவாய்ப்பல்லுக்கு வேர்கள் அதிகமாகையால் அது எளிதில் அசையாது. நங்கூரமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். பரீட்சைக்கு மட்டும் படித்த விதி இப்படி வாயில் வந்து உட்கார்ந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

சரி, கம்பியைப் பல்லோடு பிணைப்பது எப்படி? முற்காலத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் உலோக வளையம் மாட்டி, அதில் கம்பியைக் கோத்தார்கள். வளையம் நுழையப் பல்லுக்குப் பல் இடம் பண்ண வேண்டும். வைத்தியம் முடிந்து கழற்றினால் அந்த இடமெல்லாம் சந்தாக நிற்கும். நேராகப் பல்லின் மேலேயே ஒட்டிவிடலாமே என்றால், எனாமல் மிகவும் வழுவழுப்பானது. எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள். அத்துடன் வாய் எப்போதும் ஈரமானது.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரில் பணிபுரிந்த மைக்கேல் புவனோகோர். தொழிற்சாலைகளில் உலோகத்துக்கு வர்ணம் பூசுமுன் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். அதையே பல்லுக்கும் செய்து பார்த்தார். 85 சதவீத அமிலத்தை 30 விநாடி தடவிக் கழுவியபோது, பிசின் எனாமலில் உறுதியாகப் பிடித்தது. இது 1955இல் வெளிவந்தது. எங்கள் ஊரில் கொத்தனார் பழைய வழுவழுப்பான சுவருக்கு அப்படியே சிமெண்ட் பூசமாட்டார். உளியால் கொத்திப் பள்ளம் செய்துவிட்டுத்தான் பூசுவார். அமிலமும் எனாமலைக் கண்ணுக்குத் தெரியாமல் கொத்துகிறது. அந்தப் பள்ளங்களுக்குள் பிசின் இறங்கி இறுகி, ஆயிரமாயிரம் விரல்களால் பற்றியது போல நிற்கிறது. இக்காலத்தில் 37 சதவீத அமிலம்தான் வழக்கம்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் நியூமன் 1965இல், எப்பாக்சிப் பசையால் பிராக்கெட்டுகளைப் பல்லில் நேரே ஒட்டும் முறையை விவரித்து எழுதினார். பிராக்கெட் என்பது பல்லின் மேல் ஒட்டும், கம்பி உட்காரக் காடி வெட்டிய சிறு பொத்தான். அதே 1965ஆம் ஆண்டில்தான் நம் நாட்டுப் பற்சீரமைப்பு மருத்துவர்கள் கூடி இந்தியப் பற்சீரமைப்புச் சங்கத்தை நிறுவினார்கள். நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கிற்று. பல் மருத்துவம் 5 ஆண்டு படித்து, அதன்மேல் 3 ஆண்டு பற்சீரமைப்பு படித்தவரே இத்துறை நிபுணர்.

ஒட்டும்போது தோழியுடன் அவள் அம்மா போயிருந்தார். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சுச் சுருள்களை அடைத்தார்களாம். ஒரு துளி உமிழ்நீர் பட்டாலும் கொத்திய பள்ளம் அடைபட்டுப் பிடிப்புக் குறையும். எங்கள் ஊரைச் சுற்றி நூற்பாலைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியிலோ ஊரே பேண்டேஜ் துணி நெய்கிறது. பஞ்சின் அருமை எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். பல்லை உலர வைக்கவும் அது வேண்டும் என்பது புதிது. பிறகு அமிலம், கழுவல், உலர்த்தல். பல் சுண்ணாம்பு போல வெளுத்தால் சரியாக வந்ததாகப் பொருள். பிசினுடன் பிராக்கெட்டை வைத்து நீல ஒளியைக் காட்டினால் சில விநாடிகளில் இறுகிவிடும். தருமபுரிப் பக்கத்தில் குடிநீரில் ஃபுளோரைடு மிகுதியாகையால் பலருடைய பற்களில் கறை காணப்படும். அத்தகைய எனாமலை அமிலம் எளிதில் கொத்தாது. அங்கே மருத்துவருக்கு வேலை கூடும்.

எவ்வளவு உறுதியாக ஒட்டலாம்? உறுதி கூடக் கூட நல்லது என்றே நாங்கள் சொன்னோம். அதுவும் தவறு. ஒரு நாள் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டுமே! பிடிப்பு அளவு மீறினால் கழற்றும்போது எனாமலும் பெயர்ந்து வரும். 1975இல் ரெனால்ட்ஸ் என்பவர் சொன்ன அளவு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 60 முதல் 80 கிலோ. பிராக்கெட்டின் அடிப்பாகமோ அதில் பத்தில் ஒரு பங்கு பரப்புதான். ஆகவே 6 முதல் 8 கிலோ விசையைத் தாங்கினால் போதும். சாதாரணச் சாப்பாட்டுக்கு அது தாங்கும். கரும்புக்குத் தாங்காது.

பொங்கல் சமயத்தில் எங்கள் தோழி கரும்பைக் கடித்தாள். கோரைப்பல்லின் பிராக்கெட் கையோடு வந்துவிட்டது. மறுபடி ஒட்டப் பணம் கேட்பார்களே, அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்து, அதைப் பேனாப் பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டாள். வாயைத்தான் கையால் மூடிக்கொண்டிருக்கிறாளே, யாருக்குத் தெரியும்? நாங்கள் வைத்த பட்டப்பெயர் அவளுக்கு இப்படி உதவிற்று. 7 வாரம் கழித்து டாக்டரிடம் போனபோது, மாதக்கணக்கில் நகர்ந்து வந்த பல் பாதி தூரம் திரும்பிப் போயிருந்தது. மீண்டும் ஒட்ட அரை மணி நேரம் ஆகவில்லை. இழந்த தூரத்தை மீட்க 3 மாதம் ஆயிற்று. அப்பாவோ ஒன்றுமே சொல்லவில்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றாராம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

கரும்பைப் போலவே மாங்கொட்டை, சீடை, கொய்யாக்காய், ஐஸ்கட்டி எல்லாம் ஆகாதவை. எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழத்தைக் கொட்டையோடு சூப்பாமல் துண்டு போட்டுத்தான் தின்ன வேண்டும் என்பது பெரிய தண்டனை. பால்கோவா தின்னலாமா என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான அவள் முதலில் கேட்ட கேள்வியே அதுதான். பிராக்கெட்டைப் பெயர்க்கும் வலு பால்கோவாவுக்கு இல்லை. ஆனால் பிராக்கெட்டைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அந்தச் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கும். டாக்டர் 30 விநாடி தடவிய அமிலத்தைக் கழுவிவிடுகிறார். இந்த அமிலத்தைக் கழுவ யாரும் இல்லாவிட்டால் பல்லில் வெள்ளைத் திட்டுகள் விழும். கம்பியைக் கழற்றிய பிறகும் அவை மறைவது கடினம். ஆகவே தின்னலாம், உடனே துலக்க வேண்டும். அவள் பையில் இப்போது பேனாவுடன் ஒரு பிரஷ்ஷும் இருக்கிறது.

"பெண் பிள்ளை, நாளைக்கு நல்ல இடத்தில் கொடுக்க வேண்டும், அதனால் கட்டுகிறோம்" என்று முகாமில் ஒரு தாயார் சொன்னார். டாக்டர் அம்மா மறுத்துப் பேசவில்லை. ஆனால் தூக்கலான முன்பல் கீழே விழுந்தால் முதலில் உடையும் என்றும், நெருக்கமான பல்லுக்குள் பிரஷ் போகாது என்றும், அது பையனுக்கும் அப்படியே என்றும் சொன்னார். எங்களுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது.

பப்ளிக் தேர்வு முடிந்ததும் தோழிக்குக் கம்பியைக் கழற்றுவார்களாம். அத்துடன் விடுதலை இல்லை. ஈறிலுள்ள நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க ரிடெய்னர் என்னும் தாங்கியை அணிய வேண்டும். முதல் சில மாதங்கள் நாள் முழுவதும், பிறகு இரவில். தாங்கியை வைக்கும் டப்பாவுக்கு அவள் இப்போதே ஊதா நிறம் தேர்ந்தெடுத்துவிட்டாள். சென்ற வாரம் தமிழ் வகுப்பில் சிஸ்டர் கேட்காமலே எழுந்து செய்யுள் ஒப்பித்தாள். இரண்டு கைகளும் பெஞ்சின் மேல் இருந்தன.